முதுகு பாத்த ஆட்டம்

இங்கு சிறுநீர் கழிக்காதீர்கள். மீறினால். அவ்ளோதான். மீறினால் இன்னான்னு எழுதின எடத்துல சுண்ணாம்பு பேந்து செங்கல்லு பல்ல இளிக்குது. மீறினா இன்னாதான்டா பண்ணுவீங்க, சொல்லித் தொலைங்களேன். இருவது நிமிஷமா இத்தையே படிச்சிக்கினு நிக்கிறேன். வேற படிக்க இன்னா கீது, போர்வெல் போடறவன் நம்பர் ஒண்ணு, மூலம் பௌத்திரம் வைத்தியருது ஒண்ணு, அப்பறம் என் மூக்குக்கு ஒரு முழம் தள்ளி, நட்ட நடுவுல, அந்தாளு மூஞ்சி. ஜீவரத்னம். எங்க இளங்கதிர் கிளப்பு செகரட்டரி. போன வருசத்து பொறந்தநாள் போஸ்டரு. அறுபது அகவை காணும் இளங்கதிரின் இதயமேன்னு போட்டு, ரெண்டு கையும் கூப்பிக்கினு, முப்பத்திரெண்டு பல்லும் தெரிய சிரிக்கிறான். இந்தாளுக்கு முதுகைக் காட்றோம்னு ஆட்டம் பாக்க வர நாங்க பதினோரு பேரு சத்தியம் பண்ணிட்டு வந்து, மைதானத்துக்கு முதுகைக் காட்டி செவுத்தைப் பாத்து நின்னா, எனக்குன்னு வாச்ச எடம் இந்தாளு மூஞ்சிக்கு நேரா. தலையெழுத்து. தள்ளி நிக்கலாம்னா இந்தப் பக்கம் என் கூட்டாளி மெகபூப், அந்தப் பக்கம் சாக்கடை. கிழிச்சிப் போடலாம்னா சோத்தாங்கையில கொப்புளம், ஞாயித்துக்கெழம கற்பூரம் அணைச்ச கொப்புளம், இன்னும் ஆறல, வேர்வை பட்டா பிடுங்குது. பீச்சாங்கையால கிழிக்கலாம். கிழிச்சா பின்னாடி இன்னா போஸ்டரு இருக்குமோ, அதுவும் இவன் அம்பத்தொம்போதாவது பொறந்தநாளா இருக்கும், வேண்டாம், இவனே இருக்கட்டும்.

தோ, யாரோ பந்தை ஒசர அடிக்கிறான். சப்பையா அட்ச்சிட்டான், உள்ளங்கால்ல பட்ட சத்தம் அது, எங்க ஆளுதான், எவன்னு கூட சொல்லுவேன். முப்பத்தி நாலு வருசம் ரயில்வேல சக்கரம் தட்டினவன் நானு. சுத்தியால ஒரு தட்டு தட்டினா, டங்னு வந்தா சக்கரம் நல்லா கீது, டொக்னு வந்தா விரிசல், வண்டியை நிறுத்துன்னு சொல்லிடுவேன். துளசிங்கம் நிறுத்துன்னா இன்ஜினீரு வந்து மறுவார்த்தை பேசமாட்டாரு. அந்தக் காது. அந்தக் காதை வெச்சிக்கினு ஆட்டம் பாக்கறேன், முதுகால பாக்கறேன், மூணு மணி வெய்யிலு முதுகை வறுக்குது. நிமிஷம் இருவத்தி மூணோ நாலோ இருக்கும். சைபருக்கு சைபர். எங்களுக்கு ஜெயிக்கல்லாம் வேண்டாம், அந்த ஆசை எல்லாம் விட்டு பத்து வருசம் ஆச்சு. சமமா முடிஞ்சா போதும், ஒரு பாயிண்டு, ரெண்டாவது டிவிஷன்ல தங்கிடுவோம். தோத்தா மூணாவது டிவிஷன். மூணாவதுக்கு எறங்கினா கிளப்பை கலைச்சிடுவேன்னு அந்தாளு மைக்குலயே சொல்லிட்டான், ஆயுத பூஜை அன்னிக்கி, கேசரியை வாயில வெச்சிக்கினே சொன்னான். அறுவத்தி மூணு வருசத்துக் கிளப்பு. எங்கப்பன் கோணியை மடிச்சி தலையில போட்டுக்கினு மழையில நின்னு பாத்த கிளப்பு. கேசரி வாயோட கலைச்சிடுவேன்றான். அன்னிக்கி எவனாவது எழுந்து கேட்டமா? கேக்கல. நானுந்தான் கேக்கல, கையில கேசரி இருந்திச்சு.

யோவ், இன்னாய்யா பண்றீங்க வரிசையா நின்னுக்கினுன்னு ஒரு போலீஸ்காரரு கேட்டாரு, ஆட்டம் ஆரம்பிச்ச அஞ்சாவது நிமிஷம். பதினோரு ஆம்பளைங்க செவுத்தைப் பாத்து வரிசையா நின்னா அவரு வேற இன்னா நெனப்பாரு, எதுர்ல எழுதி வேற வெச்சிருக்கு. போராட்டம் சார்னான் மெகபூப். எதை எதுத்துன்னாரு. மெகபூப் போஸ்டரைக் காட்டினான். அவரு போஸ்டரைப் பாத்தாரு, எங்களைப் பாத்தாரு, கும்பிடறீங்கன்னு நெனச்சேன்னு சொல்லிட்டு பூட்டாரு. சிரிப்பு வந்திச்சு, சிரிக்கல. சிரிக்கக் கூடாதுன்னு சத்தியத்துல இல்ல. திரும்ப மாட்டோம், கத்த மாட்டோம், கை தட்ட மாட்டோம், இந்த மூணுதான். மூணையும் சொன்னவன் நானு. கிளப்பு ரூம் வாசல்ல, ஷட்டராண்ட, கற்பூரத்தை ஏத்தி வெச்சி, நான் மொதல்ல உள்ளங்கையை வெச்சி அணைச்சேன், அப்பறம் ஒவ்வொருத்தனா வந்து அணைச்சான். ஷட்டரு பூட்டி இருந்திச்சு. எப்பவும் பூட்டித்தான் இருக்கும், உள்ள ஜீவரத்னத்தோட வாடகைப் பாத்திரம், சாமியானா, பந்தல் கம்பு, பிரியாணி அண்டா. அந்த அண்டாங்களுக்குப் பின்னாடி எங்கியோ எங்க கப்பு கீது. எழுவத்தி எட்டுல ஜெயிச்ச கப்பை ஒரு தபா பாக்கணும்னு கேட்டதுக்கு, முகூர்த்தம் முடியட்டும் துளசி, அண்டால்லாம் வெளிய போனதும் பாக்கலாம்னான். முகூர்த்தம் என்னிக்கிடா முடிஞ்சிக்கீது இந்த ஊர்ல. ஆட்டக்காரனுங்க ஷேர் ஆட்டோக்குப் பின்னாடி துண்டைக் கட்டிக்கினு டிரஸ் மாத்தறானுங்க. கோச்சு யாருன்னா அவன் மருமவன். தண்ணி கேன் போடற பையன். இன்னா தெரியும் அவனுக்கு, கேனை தூக்கத் தெரியும்.

அது கூட பொறுத்துக்கலாம். சகாயத்தை வெரட்டினானே, அத்த எப்படிப் பொறுக்கறது. சகாயம் எங்க ஃபார்வர்டு, ரெண்டு வருசத்துல முப்பத்தோரு கோலு, எங்க தெரு முக்குல வளந்தவன். வெரட்டினதுக்கு இன்னா காரணம், இந்தப் பொறந்தநாளு, தோ இந்த போஸ்டருல கீதே இதே பொறந்தநாளு, மேடையில எல்லாரும் கால்ல வுழுந்தாங்கோ, சகாயம் கை குடுத்தான். கை குடுத்தான், அவ்ளோதான். அடுத்த வாரம் அவன் பேரு லிஸ்ட்டுல இல்ல. அதுக்கடுத்த வாரம் தண்டையார்பேட்டைக்காரன் வந்து இட்டுக்கினு பூட்டான். இன்னிக்கி அந்த சகாயம் எதுர்ல ஆடறான், அந்தப் பக்கத்து ஒம்போதாம் நம்பரு. எங்களை எறக்கறதுக்கு எங்க ஆளையே குடுத்து அனுப்பிச்ச புத்திசாலி எங்க செகரட்டரி, சிரிக்கிறான் பாரு, சிரிடா, சிரி. இவ்ளோ பேசற நாங்க ஏன் போவக் கூடாது? போவலாமே. வேற எத்தினி கிளப்பு கீது, டிவில பாத்தா வெளிநாட்டு ஆட்டம்லாம் வருது, வூட்ல குந்திக்கினு கால நீட்டி பாக்கலாம். என் பொஞ்சாதி கஸ்தூரி கேக்கறா, அந்த கிளப்பு உனுக்கு இன்னா குடுத்திச்சுன்னு. ஒண்ணும் குடுக்கல. நாலு நாளைக்கி சோறு எறங்காம பண்ணும், அஞ்சாவது நாளு திரும்பவும் நெனப்பு வந்துடும், இந்த தபா பாருன்னு. ராத்திரில கண்ண மூடினா பதினோரு பேரை நான் நிறுத்தி வெப்பேன், மருமவனை விட நல்லாவே நிறுத்துவேன்.

இந்த முதுகு ரோசனையே கஸ்தூரிகிட்ட இருந்து வந்ததுதான். அவளுக்கு என் மேல கோவம்னா திட்ட மாட்டா. அடுப்பாண்ட நின்னு முதுகைக் காட்டுவா. தட்டை வெப்பா, தண்ணி வெப்பா, எல்லாம் முதுகைக் காட்டிக்கினே வெப்பா. ஒரு நாளு தாங்குவேன், ரெண்டு நாளு, மூணாவது நாளு நானே போய், சரி உடும்மா, நான் பண்ணது தப்புதான்னு சொல்லிடுவேன், இன்னா தப்புன்னு தெரியாமலே சொல்லுவேன். அம்மாம் பவரு ஒரு முதுகுக்கு. அத்த வெச்சித்தான் சொன்னேன், திட்டிப் பாத்தோம், மனு குடுத்துப் பாத்தோம், ஒரு தபா முதுகைக் காட்டுவோம், எல்லாம் பாக்கட்டும், வெக்கத்துல பதவியை உட்டு எறங்குவான்னு. எல்லாரும் துளசிண்ணே சூப்பருன்னானுங்க. சத்தியத்தை எது மேலன்னு கேட்டான் மெகபூப். அவன் கற்பூரத்தை அணைக்க மாட்டான், தாயத்தைப் புடிச்சிக்கினான். நான் ஒரு வேகத்துல, மீறினா என் குடும்பத்துக்கு ஆவாதுன்னு சொல்லிட்டேன். சொன்ன அப்பறம்தான் வூட்டு நெனப்பு வந்திச்சு. சுகுணாவுக்கு எட்டு மாசம். என் பொண்ணு. மொத புள்ளை ரெண்டு மாசத்துல தங்காம பூட்டு, இது ரெண்டாவது, வளைகாப்பு முடிஞ்சி எங்க வூட்லதான் கீறா. நான் எதுக்குடா குடும்பத்தை இழுத்தேன்? கிளப்பு மேல பண்ணியிருக்கலாம், என் கண்ணு மேல பண்ணியிருக்கலாம். வாய் இருக்குதே, அதுக்கு பிரேக்கு இல்ல. கஸ்தூரிக்குத் தெரிஞ்சா இந்த ஜென்மம் பூரா முதுகுதான். கொப்புளத்தைப் பாத்துட்டு இன்னான்னா, குக்கர்ல சுட்டுக்கினேன்னு சொல்லியிருக்கேன். நீ எப்ப குக்கராண்ட போனன்னு ஒரு பார்வை பாத்தா.

ஆஃப் டைம் விசிலு. சத்தியம் கடைசி விசிலு வரைக்கும், அதனால ஆஃப் டைம்லயும் மைதானத்தைப் பாக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணியிருந்தோம், அதையும் நான்தான் சொன்னேன், பெரிய ரூல்ஸ்காரன். பதினோரு பேரும் செவுத்தை ஒட்டி நண்டு மாரி பக்கவாட்டுல நடந்து கேட்டாண்ட டீக்கடைக்கு வந்தோம். டீ மாஸ்டரு எங்களைப் பாத்து, இன்னாண்ணே கழுத்து சுளுக்கான்னான். டீயில ஏலக்காயும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. அப்பத்தான் மெகபூப் வந்து என் காதாண்ட சொன்னான். துளசி, அந்தாளு வரல. யாரு வரல? ஜீவரத்னம். ஆட்டத்துக்கே வரல. அரக்கோணத்துல ஏதோ காது குத்தாம், சாமியானா இவனோடது, காலைலயே லாரியோட பூட்டானாம், மருமவன் சொன்னான். டீ கிளாஸு கையில சுடுது, கொப்புளத்துல சுடுது, கீழ வெக்கத் தோணல. அப்ப நாப்பத்தி அஞ்சு நிமிஷம் யாருக்குடா முதுகைக் காட்னோம்? சொல்லுய்யா, யாருக்குன்னேன். மெகபூப் டீயை உறிஞ்சிட்டு, உள்ள ஆடறானுங்களே அவனுங்களுக்குத்தான்னான். இவன் எப்பவும் இப்படித்தான், வெண்ணையை வெட்ற மாரி சொல்லிட்டு பன்னு சாப்புடுவான். உட்டுடலாமான்னான் ஒருத்தன். உட்டுடலாம், உட்டுடலாம்னு எனக்கும் தொண்டை வரைக்கும் வந்திச்சு. சுகுணா வயிறு கண்ணு முன்னாடி வந்திச்சு. சத்தியம்பா, கற்பூரம்பான்னேன். ஒவ்வொருத்தனா கிளாஸைக் கீழ வெச்சான். திரும்பவும் நண்டு மாரி நடந்து வந்து இந்த மூஞ்சிக்கு நேரா நிக்கிறேன். அரக்கோணத்துல காது குத்தறவன் இங்க சிரிக்கிறான்.

இப்ப பக்கம் மாறிடுச்சு. எங்க கோலு இப்ப இந்தப் பக்கம், எங்களுக்குப் பின்னாடி பத்தடியில. ரூபன் வந்துட்டான். பாக்கவே வேணாம், கிளவுஸை ரெண்டு தபா போஸ்ட்டுல தட்டுவான், அடுத்து மேல் கம்பியில ஒண்ணு. தட்டிட்டான். ரூபன் எங்க கீப்பரு, முப்பத்தி மூணு வயசு, கரண்டு ஆபீஸ்ல லைன்மேனு, போஸ்ட் மரத்துல ஏறி எறங்கி முட்டி தேஞ்சி போன ஆளு, இருந்தாலும் இந்தப் பன்னெண்டு வருசத்துல ஒரு ஆட்டத்துக்கு வராம இருந்ததில்ல. பன்னெண்டு வருசமும் நான் அவன் கோலுக்குப் பின்னாடிதான் நிப்பேன். எங்களுக்குள்ள ஒண்ணு கீது, மெகபூபுக்கே தெரியாது. பெனால்டின்னு வந்தா நான் இருமுவேன். ஒரு இருமல்னா பீச்சாங்கை பக்கம், ரெண்டு இருமல்னா சோத்தாங்கை பக்கம். அடிக்கிறவன் தோளு எப்படிப் போவுது, இடுப்பு எங்க திரும்புது, எத்தினி ஆட்டம் பாத்தவன் நானு, பத்துல ஏழு சரியா இருக்கும். பேசி வெச்சிக்கினது இல்ல இது. ஒரு தபா நெஜமா இருமினேன், அவன் அந்தப் பக்கம் வுழுந்து புடிச்சிட்டான், எழுந்து என்னைப் பாத்து ஒரு சிரிப்பு சிரிச்சான், அன்னிலேர்ந்து. இப்ப அவன் மூச்சு வாங்கறது கேக்குது. துளசிண்ணேன்றான். நான் பேசல. அண்ணே, உன்னைத்தாண்ணே. செவுத்தைப் பாத்துக்கினு கீறேன். எங்க மேல இன்னாண்ணே கோவம், நாங்க இன்னா பண்ணோம், காலைல ஷிஃப்ட்டு முடிச்சிட்டு சாப்புடாம வந்தேன்ணே. பந்து அந்தப் பக்கம் இருக்கும்போது பேசறான், இந்தப் பக்கம் வந்தா நிறுத்திட்றான், திரும்பவும் பேசறான். உன் மேல இல்லடா, உன் மேல இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லலாம், பேசக் கூடாதுன்னு சத்தியத்துல இல்ல. ஆனா வாயைத் தொறந்தா நான் திரும்பிடுவேன், எனக்கு என்னைத் தெரியும். பக்கத்துல பத்து பேரு நான் இன்னா பண்றேன்னு பாக்கறானுங்க. நாலாவது தபா கூப்ட்டான், அஞ்சாவது தபா கூப்டல.

ஒவ்வொருத்தனா திரும்பறானுங்க. தெரியுது எனக்கு, செருப்பு மண்ணுல அரைபடற சத்தம் கேக்குது. கடைசில நின்னவன் மொதல்ல, அப்பறம் அவனுக்குப் பக்கத்துல. ஒருத்தன் குனிஞ்சி கால் சொறியற மாரி சொறிஞ்சிக்கினு கால் இடுக்கு வழியா பாத்தான், எனக்கு வந்த ஆத்திரத்துல. நிமிஷம் எழுவத்தி அஞ்சு. எம்பது. அய்யோ இன்னும் பத்து நிமிஷம், ஆண்டவா, சைபருக்கு சைபரு, அப்படியே உட்டுடு, யாரும் கோல் போட வேணாம், பந்தே வேணாம், அல்லாரும் உக்காந்து பேசிக்கினு இருங்கடா பத்து நிமிஷம். மருமவன் கத்தறான், ஆளை மாத்தறானாம், இப்ப எதுக்குடா மாத்தற, நல்லா போய்க்கினு கீற வண்டியில ஏன்டா சக்கரத்தைக் கழட்ற? யாரு வரான்? மெகபூப்தான் சொன்னான், ஆமா அவனும் திரும்பிட்டான், குரலு பக்கவாட்டுல இருந்து வருது. செகரட்டரியோட அண்ணன் புள்ளையை எறக்கறான் துளசி. அவனா! அவன் பந்தையும் பூசணிக்காயையும் பக்கத்துல வெச்சா பூசணிக்காயை ஒதைப்பான். மூணு நிமிஷம் ஆவல. பந்து ஒசர வர சத்தம், ஆளுங்க எகிறி மோதற சத்தம், அப்பறம் பளார்னு ஒண்ணு, கன்னத்துல அறைஞ்ச மாரி, தோலு மேல பந்து, காலு இல்ல தலை இல்ல, கை. கையால தட்டிட்டான் அந்தப் புள்ளை. விசிலு. இன்னாது, இன்னாதுன்னு நான் கேக்கவே இல்ல, எனக்குத் தெரியும், டொக்குன்னு விரிசல் விட்ட சத்தம் எனக்குத் தெரியாதா. பெனால்டி.

மெகபூப் என் தோளைப் புடிச்சி இழுக்கறான். திரும்புய்யா, சகாயம் அடிக்க வரான், திரும்பிப் பாருய்யான்றான். கையைத் தட்டி உட்டேன். நான் ஒருத்தன்தான் இப்ப செவுத்தைப் பாத்துக்கினு கீறேன், நானும் ஜீவரத்னமும். சகாயமா. சகாயம் அடிக்கறதை ரெண்டு வருசம் பாத்தவன் நானு, ரூபனும் பாத்தவன்தான், பிராக்டீஸ்ல நூறு தபா இவனுக்கு அவன் அட்ச்சிருக்கான், எப்பவும் கீப்பருக்கு சோத்தாங்கை பக்கம், அத்தான் ரூபனுக்குத் தெரியும். ஆனா எனக்கு இன்னொண்ணு தெரியும். அடிக்கறதுக்கு முன்னாடி சகாயம் பூட்ஸ் நுனியால தரையை மூணு தபா தட்டுவான், டக், டக், டக். தட்டினா சோத்தாங்கை பக்கம். தட்டலைன்னா மாத்தி அடிக்கிறான்னு அர்த்தம், ரெண்டு வருசத்துல நாலே தபா தட்டல, நாலும் பீச்சாங்கை பக்கம். அவனுக்கே தெரியாது இது. ரூபனுக்கு நான் சொன்னதும் இல்ல, நம்ம ஆளு, நமக்கு எதுர்ல எப்ப அடிக்கப் போறான்னு உட்டுட்டேன். கூட்டம் அடங்கிடுச்சு. கேட்டாண்ட ஒரு ஆட்டோ நிக்குது, அணைச்சித் தொலைடா இன்ஜினை. அணைச்சிட்டான். ரெஃப்ரி ஏதோ சொல்றாரு. பந்தை வெக்கிறான். பின்னாடி போறான், நாலு, அஞ்சு. நிக்கிறான். தட்டுடா. தட்டு சகாயம். காதெல்லாம் அவன் காலாண்ட கீது. தட்டல. தட்டவே இல்ல. பீச்சாங்கை பக்கம். ஒரு இருமல். ஒண்ணுதான். நான் இந்தப் பக்கம் திரும்பி நிக்கிறேனே, என் பீச்சாங்கை அவனுக்கு சோத்தாங்கை ஆச்சே, இல்ல இல்ல, கொழப்பிக்காத, ஒரு இருமல்னா அவன் பீச்சாங்கை, நீ எங்க பாத்தா இன்னா. திரும்ப மாட்டேன், கத்த மாட்டேன், கை தட்ட மாட்டேன். இருமறது அதுல இல்ல. தாயே, இருமறது அதுல இல்ல, சுகுணா மேல வராத, என் மேல வா. இருமினேன். நல்லா, அடி வயித்துலேர்ந்து, ஒண்ணே ஒண்ணு. போஸ்டர்ல எச்சி தெறிச்சிது. பின்னாடி ஓடி வர காலு, அடி, வலை. வலைதான். கையில பட்டா பொத்துன்னு ஒரு சத்தம் வரும், அது வரல. வலை சொர்ருனு இழுத்துக்கினு போய் நின்னுச்சு. தண்டையார்பேட்டைக்காரனுங்க கத்தற கத்து. எந்தப் பக்கம்? மெகபூப், எந்தப் பக்கம் போச்சு சொல்லுய்யான்றேன். அவன் மூக்கை உறிஞ்சிக்கினு, பீச்சாங்கை பக்கம்தான் போச்சு, ரூபன் சோத்தாங்கை பக்கம் வுழுந்துட்டான்றான்.

மீறினால். மீறினால். மிச்சம் ஏழு நிமிஷம் அத்தத்தான் படிச்சேன். கடைசி விசிலு அட்ச்சப்பறம்தான் திரும்பினேன், கண்ணு கூசுது, மைதானம் எவ்ளோ பெருசா கீது. நடுவுல எங்க ஆளுங்க உக்காந்திருக்கானுங்க, தலையைத் தொங்கப் போட்டுக்கினு. ஜமக்காளம் போட்ட நாற்காலி ஒண்ணு ஓரமா காலியா கீது, செகரட்டரிக்குப் போட்டது. மெகபூப் போன் அடிச்சிது. அந்தாளுதான். ஸ்பீக்கர்ல போட்டான். பின்னாடி மேளச் சத்தம். இன்னாப்பா, ஆட்டம் முடிஞ்சிடுச்சா, கூட்டம் கீட்டம் வந்திச்சா, பசங்க மனசு உட்ற வேணாம்னு சொல்லு, சிக்னலு சரியில்ல அப்பறம் பேசறேன்னு வெச்சிட்டான். தோத்தமான்னு கூட கேக்கல. நாங்க முதுகைக் காட்னது அவனுக்குத் தெரியவே தெரியாது, யாரும் சொல்லப் போறதும் இல்ல. சொன்னா எங்களுக்குத்தான் அசிங்கம். ரூபன் எழுந்து வரான். முட்டியில ரத்தம், மண்ணு. சண்டைக்கி வரான்னு நெனச்சேன், வரட்டும், ரெண்டு அறை அறையட்டும்னுதான் நின்னேன். என் எதுர்ல வந்து நின்னான். ஏன்டா, நான் இருமினது கேக்கலியான்னேன். கேட்டுச்சுண்ணேன்னான். அப்பறம் ஏன்டா அந்தாண்ட வுழுந்த? அவன் கிளவுஸைக் கழட்டிக்கினே கீழ பாத்துக்கினு சொன்னான், நாலு தபா கூப்ட்டேன், நீ ஒரு வார்த்தை பேசல, சத்தியம் பண்ணா நீ மீற மாட்டன்னு எனக்குத் தெரியும்ணே, அதனால அது நெஜ இருமல்னு நெனச்சிட்டேன், பாவம் மனுசன் அம்மாம் நேரமா வெய்யில்ல நிக்கிறாரே, தண்ணி குட்ச்சாரோ இல்லியோன்னு யோசிச்சிக்கினு இருந்தேன், அதுக்குள்ள அட்ச்சிட்டான். அவன் குனிஞ்சி போஸ்ட்டாண்ட கெடந்த பாட்டிலை எடுத்து, மூடியைத் தொறந்து, இந்தான்னு நீட்டினான். பாதித் தண்ணிதான் இருந்திச்சு, வெய்யில்ல கெடந்து சுட்டுது. குட்ச்சேன்.